போசித் தண்ணீரில் தொங்கிய சென்சார்

முப்பத்தோரு டிகிரி. அடுப்பைப் பற்ற வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சென்னியப்பன் மூன்று தடவை குனிந்து பார்த்துவிட்டான். தண்ணீர் அதுபாட்டுக்குத் தண்ணீராக இருந்தது. முட்டை வேகவைக்கிற பழைய அலுமினியப் போசி, அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு தோசைக்கரண்டி, கரண்டியில் கட்டிய கம்பியில் தலைகீழாகத் தொங்குகிற கட்டைவிரல் தண்டிப் பித்தளைச் சாமான். அதிலிருந்து இரண்டு ஒயர், ஒயரின் அந்தப் பக்கம் டார்ச்லைட் பேட்டரி இரண்டு, ஒரு குட்டி பல்பு. எந்தச் சூட்டில் இந்தச் சாமான் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு கரண்ட்டை விடுமோ அந்தச் சூட்டில் பல்பு எரிய வேண்டும். காரில் மாட்டியிருந்தபோது பல்புக்குப் பதிலாக ரேடியேட்டர் ஃபேன், அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்து வேதியியல் லேபில் இருபத்தோரு வருஷம் உதவியாளராகக் குப்பை கொட்டினவனுக்கு இதெல்லாம் ஒரு சோதனையா? எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிட்டுப் போகும். ஆனாலும் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நூறு வரைக்கும் கொதித்தும் பல்பு எரியாமலே போனால் சாமான் செத்த சாமான். ஒன்பதாவது வளைவில் கார் கொதித்ததற்கும், மனைவி வசந்தாமணியின் கை வெந்ததற்கும், அதை மாட்டி அந்தக் காரை அவன் தலையில் கட்டின ராயப்பன்தான் காரணம். எரிந்துவிட்டால்? எரிந்துவிட்டால் என்ன என்று அவன் யோசிக்கப் போகவில்லை. முப்பத்தி நாலு. ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் பிரிக்கப் போன வசந்தாமணி ஒரு மணி பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவாள். கார் வாசலில் நிற்கும்போதே டவுன் பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறாள். "என்னன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க, அப்புறம் ஏறிக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பாலுக்கு உறை ஊத்தியாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அதுதான் பதினெட்டு நாளாக அவனை அரித்துத் தின்கிறது.

நாற்பத்தொன்று. இந்த எழவு என்ன வண்டிச் சாமான் என்று ஒருத்தனுக்குக்கூடத் தெரியவில்லையே! கம்பெனி போட்டுக்கொடுத்த சென்சார் இது இல்லை, அதுமட்டும் நிச்சயம். அதனுடைய இடத்தில் ஒரு மூடியைப் போட்டு அடைத்துவிட்டு, மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு பித்தளைக் குழாயைச் சொருகி, அதில் இதை முடுக்கியிருந்தது. முதுகில் ஏதோ நம்பர் இருந்திருக்கிறது, அரம் போட்ட மாதிரித் தேய்ந்துபோய் ஒரு எட்டோ மூன்றோ மட்டும் மிச்சம். பொள்ளாச்சியில் ஐந்து கடை ஏறி இறங்கினான். ஒருத்தர் டிராக்டர் என்றார், ஒருத்தர் பழைய வேன் என்றார், மூன்றாவது ஆள் கையில்கூட வாங்காமல் "இது சென்சாரே இல்லீங்க" என்றார். எண்பத்தெட்டில் வேலை செய்கிறதா, தொண்ணூற்றிரண்டிலா, நூற்றைந்திலா, எந்தப் புண்ணியவானுக்குத் தெரியும்? நூற்றைந்து என்றால் தண்ணீர் கொதித்து வற்றினாலும் பல்பு எரியாது, அப்போது உப்பைப் போட்டுக் கொதிநிலையை ஏற்ற வேண்டும், எவ்வளவு உப்பு, ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம், லேபில் எழுதி ஒட்டியிருக்கிறதே, சீ, அதற்குள் ஏன் அங்கே ஓடுகிறாய், முதலில் ஐம்பதைத் தாண்டட்டும். மெக்கானிக் ஷாகுல் பானட்டைத் தூக்கிப் பார்த்த உடனே சொன்னான்: "இது யாரோ கைவேலை பண்ணிருக்காங்க சார். இது கோளாறா இருக்கும். பேசாம டைரக்ட் குடுத்துடலாம், சாவி போட்டா ஃபேன் ஓடும், சாவி எடுத்தா நிக்கும், சென்சாரும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்." ஷாகுலுக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் டைரக்ட்தான் மருந்து. ஆனால் 'இருக்கும்' என்றுதான் சொன்னான். 'இதுதான்' என்று அடித்துச் சொல்லவில்லை. சென்னியப்பன் காதில் அந்த 'இருக்கும்' விழுந்தது, நன்றாகவே விழுந்தது, விழுந்ததை அவனே எடுத்து ஓரமாக வைத்துவிட்டான். ஐம்பத்திரண்டு. போசியின் அடியில் குமிழ்கள் கடுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒயர் வெளியே வருகிற இடத்தில் எம்சீல் வைத்து அடைத்திருந்தது. அந்தச் சாம்பல் நிற எம்சீலில் ஒரு கட்டைவிரல் ரேகை அழுத்தமாகப் பதிந்து இறுகியிருந்தது. ராயப்பனுடைய விரல். பொறுமையாக, உருட்டி, ஒட்டி, அமுக்கி, காயும்வரை பிடித்துக்கொண்டிருந்த விரல். ஏமாற்றுகிறவன் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பானா? ஏன் இருக்க மாட்டான், ஏமாற்றுகிறவனுக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். கண்ணை ரேகையிலிருந்து பிடுங்கித் தெர்மாமீட்டருக்குக் கொண்டுபோனான்.

ஐம்பத்தெட்டு. வால்பாறையில் மச்சினன் வீட்டுப் பெண்ணுக்குக் காது குத்து. வசந்தாமணி பச்சைப் பட்டு கட்டியிருந்தாள், மடியில் சீர்த்தட்டு, காருக்குள் பூரா மல்லிகைப்பூ வாசம். சொந்தக் காரில் மலை ஏறுகிறது அதுதான் முதல் தடவை, அவளுக்கு அதில் எவ்வளவு பெருமை! வழியில் பஸ்ஸுக்கு நின்றவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆழியார் செக்போஸ்ட்டைத் தாண்டினதும் அவன் ஏசியை அணைத்தான். மேடு ஏறும்போது ஏசி ஓடினால் வண்டி இழுக்காது, லோடைக் குறைத்துவிட வேண்டும், எல்லாரும் செய்கிறதுதான். ஏசியை அணைத்தான். அவ்வளவுதான் அணைத்தான். அவ்வளவுதானா? அவ்வளவுதான். மேலே போ. ஐந்தாவது வளைவில் சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டியது, ஏழாவது வளைவில் முக்கால், அவன் பார்க்காத மாதிரி இருந்தான், இவளிடம் சொன்னால் பயப்படுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் நின்றால் மானம் போய்விடும் என்றுதான் நிற்கவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததே. ஒன்பதாவது வளைவில் பானட் இடுக்கில் புகை. நிறுத்தினான், இறங்கினான், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள் வேடிக்கை பார்த்தன. "வசந்தா, தண்ணி பாட்டிலை எடுத்துட்டு ஓடியா" என்று கத்திக்கொண்டே துணியைச் சுற்றி மூடியைத் திருகினான். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது என்று லேபில் எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பான்! அவள் வலது பக்கம் வந்து நின்றதை அவன் பார்க்கவில்லை. மூடி பறந்தது, உஸ்ஸென்று ஒரு சத்தம், ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஆவி. அவள் கத்தவில்லை. "சுட்டுருச்சுங்க" என்றாள், தோசைக்கல்லில் விரல் பட்டால் சொல்கிற மாதிரி. பாட்டிலை மட்டும் கீழே போடவே இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும். மூடியைத் திறந்தது நான்தான், அதை இல்லையென்று நான் சொல்லவில்லையே, ஆனால் கொதித்ததால்தானே திறந்தேன், ஃபேன் ஓடாததால்தானே கொதித்தது, இந்தச் சனியன் வேலை செய்யாததால்தானே ஃபேன் ஓடவில்லை. எத்தனையோ தடவை இந்தப் படியில் இறங்கிவிட்டான், ஒவ்வொரு தடவையும் கடைசிப் படியில் ராயப்பன்தான் நின்றார்.

அறுபத்தேழு. நின்றார் என்று இப்போது நினைப்பில் மரியாதை வருகிறது பார். அன்றைக்கு எங்கே போயிருந்தது? ஷாகுல் சொன்ன சாயங்காலமே நேராக அவர் வீட்டு வாசலில் போய் வண்டியை நிறுத்தினான். ராயப்பன் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது ஆள், அதே வால்பாறை ரோட்டில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காதவர். அந்தத் தெருவில் யார் பழைய வண்டி வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள். "வாங்க தம்பி" என்றார். "என்ன வாங்க போங்க? என்ன எழவய்யா மாட்டி வெச்சிருக்கே?" என்றான் இவன். நீ! ஆட்டுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற ஊரில், தன்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரை, மருமகள் வாசலில் நிற்க, எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க, நீ என்றான். அவர் ஹோஸ்பைப்பைக் கீழே வைத்தார். "கடையில கெடச்ச பழைய சாமானுங்க, என்ன வண்டிதுன்னு எனக்கும் தெரியாதுங்க. ஆனா சுடுதண்ணியில போட்டுப் பாத்துத்தான் மாட்டுனனுங் தம்பி" என்றார். இவன் சிரித்தான். தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தான். "சுடுதண்ணியில போட்டுப் பாக்க இதென்ன முட்டையாய்யா? எம் பொண்டாட்டி கை வெந்து கெடக்குதய்யா உன்னால!" அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் இவன் முகத்தைப் பார்த்தார், வாசலில் நிற்கிற காரைப் பார்த்தார், மறுபடி இவன் முகத்தைப் பார்த்தார். "எந்தக் கைங்க?" என்று கேட்டார். "வலது கை." "செரிங்" என்றார், அவ்வளவுதான். உள்ளே போய் கேட்டைச் சாத்தினார், சத்தம் வராமல் சாத்தினார். மறுநாளே டீக்கடையில், ராயப்பன் ஏமாத்திப்போட்டானாமே என்று பேச்சு. இவன் அதை மறுக்கவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை, டீயைக் குடித்துவிட்டு வந்தான். எழுபத்தி நாலு. முட்டை வேகவைக்கிற போசி! அடக் கெரகமே, வீட்டில் வேறு போசியா கிடைக்கவில்லை?

எழுபத்தொன்பது. தண்ணீர் இரைய ஆரம்பித்தது. பல்பு செத்துக் கிடந்தது, நல்லது, அப்படியே கிட. சுடுதண்ணியில போட்டுப் பாத்துத்தான் மாட்டுனனுங். சரி, போட்டுப் பார்த்திருக்கட்டும், அப்போது வேலை செய்திருக்கும், அப்புறம் செத்திருக்கும், சாமான்தானே. ஆனால் மலைக்குப் போன அன்றைக்குக் காலையில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் இருபது நிமிஷம் நின்றபோது ஃபேன் ஓடியதே. விர்ரென்று சத்தம் கேட்டு, "என்னங்க அது?" என்று வசந்தாமணி கேட்டதும் "ஃபேன்" என்று இவனே பெருமையாகச் சொன்னானே. ஓடியதா? வேறு வண்டிச் சத்தமாக இருக்கும். இருக்கும், இருக்கும், ஷாகுலுடைய அதே இருக்கும். எண்பத்தி மூன்று. இப்போது வருகிறது அது, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டதெல்லாம் வருகிறது. ஸ்டீரிங்குக்குக் கீழே, முட்டிக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பு சுவிட்ச். ஒரு எழுத்தும் எழுதாத சுவிட்ச். கார் வாங்கின அன்றைக்கு மாகாளியம்மன் கோயில் முன்னால் பூஜை. பூசாரி நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், முன்பக்கம் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. ராயப்பன் வேதக்காரர், கோயிலுக்குள் வராமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டிரைவர் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, அந்த சுவிட்ச்சைத் தொட்டுக் காட்டிக்காட்டி என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். விரல் நன்றாக ஞாபகமிருக்கிறது, சொன்னது ஒரு வார்த்தைகூட இல்லை. அப்போது ஹெட்மாஸ்டர் போன், இந்தப் பக்கம் பழம் நசுங்குகிறதா என்று பார்க்கிற அவசரம். "செரிங்கண்ணா, செரிங்கண்ணா" என்று தலையை ஆட்டினான். அப்புறம் அந்த சுவிட்ச்சை என்னவென்றே கேட்கவில்லை, எக்ஸ்ட்ரா லைட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டான். போய்க் கேட்டால், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே! எண்பத்தேழு. செக்போஸ்ட் தாண்டினதும் ஏசியை அணைத்தான். கை அப்படியே கீழே போனது. லோடு குறையட்டும், இந்த லைட்டு எழவு எதற்கு வீணாக. டக். அவ்வளவு சின்னச் சத்தம். கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

அந்த ஒரு டக்கோடு போயிருந்தால்கூட மனுஷன் தப்பித்திருப்பான். மறுநாள் விடிகாலையில், ஷாகுல் வருவதற்கு முன்னால், கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, கையைக் கீழே விட்டுத் தடவி, சுவிட்ச் அணைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்து, மேலே தள்ளினானே, அந்த இரண்டாவது டக்! அதை எதற்காகச் செய்தான்? தெரியாமலா? தூக்கக் கலக்கத்திலா? போடா, உனக்கா தெரியாது. தெரிந்துதான் தள்ளினாய். என்ன சுவிட்ச் என்று முழுசாகத் தெரியாது, ஆனால் தெரிந்துவிடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. தொண்ணூறு. பல்பு எரியவில்லை. தொண்ணூற்றொன்று. தண்ணீர் புரளத் தொடங்கியது, தெர்மாமீட்டரைச் சாமானை ஒட்டிப் பிடித்தான், ஆவி மணிக்கட்டில் சுட்டது, எடுக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு. எல்லாக் கார் ஃபேனும் ஓட வேண்டிய சூடு. எரியவில்லை! சத்தியமாக எரியவில்லை! அவன் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது, அப்படியொரு கேவலமான சந்தோஷம் அவன் வாழ்நாளில் பட்டதில்லை. செத்த சாமான்தான். அப்போதே சொன்னேனே. சுவிட்ச் எப்படி இருந்தால் என்ன, சாமானே செத்துக் கிடந்தால் சுவிட்ச் என்ன பண்ணும். வசந்தா வரட்டும், காட்டுகிறேன், இந்தா பார், கொதிக்கிறது, எரிகிறதா? தொண்ணூற்று மூன்று. ராயப்பனிடம் நீ என்று சொன்னது தப்புதான், அதற்கு வேண்டுமானால் ஒரு நாள் போய், சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம்தான் தப்பு என்று. தொண்ணூற்றி நாலு. என்று சொல்லிவிட்டு வரலாம், பெரிய மனுஷர், புரிந்துகொள்வார். தொண்ணூற்றைந்து. பல்பு எரிந்தது.

மினுக்கவில்லை, தயங்கவில்லை, பளிச்சென்று எரிந்தது. அவன் அடுப்பைக் குறைத்துக் குளிர்ந்த தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றினான். எண்பத்தெட்டில் அணைந்தது. மறுபடி கூட்டினான். தொண்ணூற்றைந்தில் எரிந்தது. மூன்றாவது தடவையும் அதே தொண்ணூற்றைந்து, ஒரு கோடு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. லேபில் இருக்கிற எந்தக் கருவியும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. மூன்று டிகிரி தாமதம், இல்லையா? தொண்ணூற்றிரண்டில் ஓட வேண்டியது தொண்ணூற்றைந்தில் ஓடுகிறது, அந்த மூன்று டிகிரியைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லலாமா? மேட்டில் மூன்று டிகிரி என்பது சாமானியமா? அல்லது ஒன்றுமே வேண்டாம், ஒரு ஒயரைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், பல்பு அணைந்துவிடும், யார் பார்க்கப் போகிறார்கள். விரல் ஒயருக்குப் போனது. நிஜமாகவே போனது. அப்போதுதான் கேட் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம், பையைத் திண்டில் வைக்கிற சத்தம். வசந்தாமணி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கட்டு இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் புதுசாக, ரோஸாக, பச்சைக் குழந்தையின் தோல் மாதிரிப் பளபளத்தது. போசியைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள்.

"எரியுதுங்களே" என்றாள். "ம்" என்றான். "அப்ப அது நல்லாத்தான் இருக்குதுங்களா?" தொண்டையில் அந்த மூன்று டிகிரி வந்து நின்றது. அவள் கையைப் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நாற்பத்தைந்து வயதில் அடுப்படியில் நின்று அழுவதா என்று வெட்கமும் வந்தது. "நல்லாத்தான் இருக்குது வசந்தா. செக்போஸ்ட் தாண்டுனதும் கீழ இருக்கற சுவிட்ச்சை நாந்தான் அணைச்சுப்போட்டேன். அது ஃபேன் சுவிட்ச்சு. அடுத்த நாள் காத்தால ஷாகுல் வர்றதுக்கு முன்னாடி போட்டும் வெச்சுட்டேன்." சொல்லி முடித்தான். அவள் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள், அந்தக் கையால்தான். தண்ணீர் அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் போசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எங்கிட்டச் சொல்லிப்போட்டீங்க" என்றாள் அப்புறம். "அவருகிட்ட?"

போனை எடுத்தான். மணி அடித்தது. எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று, சற்று முன் பல்பிடம் வேண்டிக்கொண்ட அதே வேண்டுதல். எடுத்துவிட்டார். "சொல்லுங்க தம்பி" என்றார் ராயப்பன், அன்றைக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி. இவன் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "அம்மிணி கை ஆறிப்போச்சுங்களா?" போன் ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் வசந்தாமணிக்குக் கேட்டது, அவள் முகத்தில் தெரிந்தது. "ஆறிப்போச்சுங்கண்ணா" என்றான் சென்னியப்பன். "இன்னைக்குத்தான் கட்டுப் பிரிச்சாங்க. அண்ணா, அந்தச் சாமான் தொண்ணூத்தஞ்சுல எரியுதுங்க. சுடுதண்ணியில போட்டுப் பாத்தேன். அது நல்லா இருக்குதுங்கண்ணா. சுவிட்ச்சை அணைச்சது நானுங்க." போசிக்குப் பக்கத்தில் பல்பு அணைந்தது, தண்ணீர் எண்பத்தெட்டுக்கு வந்திருக்கும்.

"அது அன்னைக்கே தெரியுமுங் தம்பி" என்றார் ராயப்பன். "நீங்க வந்து வாசல்ல நின்னப்பவே உங்க மொகத்துல தெரிஞ்சுது. வூட்ல அம்மிணி கை வெந்து கெடக்கையில, உன்னாலதான்னு உங்ககிட்டப் போயி நான் எப்படிங்க சொல்றது?"